எங்கள் வீட்டில் ஏசி கிடையாது

1

டிராமில் நின்றுகொண்டிருந்தபோது கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நான் இங்கிருந்தே இணையத்தில் வாங்கி அனுப்பிய ஏசி, வாசல்வரை போய்த் திரும்பிவிட்டது. ‘பெறுநர் ஏற்க மறுத்துவிட்டார்’ என்றது குறுஞ்செய்தி. பெறுநர் என் அப்பா.

நான் வாழ்வது ஜெர்மனியின் மேற்கே, ரைன் ஆற்றங்கரையில் அமைந்த ஒரு நகரத்தில். காலை நேர டிராமில் இங்கே எவரும் எவரோடும் பேசுவதில்லை. பெட்டி நிறைய ஆட்கள் நின்றாலும் சக்கரம் தண்டவாளத்தை உரசும் ஒலி மட்டுமே கேட்கும். அந்த அமைதியில் செய்தியை மறுபடியும் படித்தேன். கோபம் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருந்தது. இறங்கினேன்.

நடந்ததை வரிசைப்படி சொல்லிவிடுகிறேன். சித்திரைத் தேர் முடிந்த மறுவாரம், ஒரு பிற்பகலில், அப்பா வீட்டுக் கூடத்தில் மயங்கி விழுந்தார். ரயில்வேயில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சில ஆண்டுகளாக இதயத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர். மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிய மருத்துவர், அம்மாவிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: இந்த உடம்பு இனி இந்த வெயிலைத் தாங்காது, வீட்டில் ஓர் அறையையாவது குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு முறை இப்படி விழுந்தால் நான் எந்த உறுதியும் தர முடியாது.

கத்திரி வெயில் அப்போது தொடங்கியிருக்கவே இல்லை.

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது கூடத்துச் சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டிவிட்டு வந்தேன். உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. வீட்டின் இணைய இணைப்பு வழியாக, அது காட்டும் எண்ணை நான் இங்கே என் கைபேசியில் பார்க்கலாம். டிராமிலிருந்து இறங்கியதும் அதைத்தான் பார்த்தேன். முப்பத்தொன்பது. பார்த்துவிட்டு, ஆற்றிலிருந்து வீசிய குளிர்காற்றுக்காக என் மேலங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

2

இதைப் படிக்கும் திருச்சிக்காரர்களில் சிலருக்கு என் குரல் நினைவிருக்கலாம். பள்ளியிலும் கல்லூரியிலும் மேடைப் பேச்சாலேயே அறியப்பட்டவள் நான். பெற்ற பரிசுகளை எண்ணிச் சொல்வது பண்பாகாது. அவற்றை அடுக்குவதற்காக அப்பா தச்சரை அழைத்துத் தனியே ஓர் அலமாரி செய்விக்க வேண்டியிருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். விவாதப் போட்டிகளில் எந்த அணி என்பது சீட்டு எடுத்த பிறகே தெரியும். எடுத்த சில நிமிடங்களில், அந்த அணிக்காகவே பிறந்தவளைப் போல எழுந்து நிற்பேன். அறிவியலால் ஆக்கமா அழிவா, இயந்திரமா மனிதமா, எந்தப் பக்கம் கிடைத்தாலும் அது என் சொந்தப் பக்கமாகிவிடும்.

அந்த ஆண்டுகளில் அப்பாவின் வேலை நேரம் பார்ப்பது. முசிறியில் போட்டி என்றாலும் துறையூரில் போட்டி என்றாலும் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் பிடித்து அழைத்துப் போவார். போட்டிக்கு முந்தைய வாரம் முழுவதும் வீட்டில் ஒத்திகை நடக்கும். நான் பீரோக் கண்ணாடியின் முன் நிற்பேன். அவர் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நேரம் முடியப்போகிறது என்றால் ஒரு தட்டு. முடிந்துவிட்டது என்றால் இரண்டு தட்டு. இரண்டாம் மணிக்குப் பிறகு ஒரு சொல்லையும் அனுமதிக்க மாட்டார். பாதி வாக்கியத்தில் நான் நின்றால் நின்றதுதான்.

“பேச்சு நல்லாருக்கா இல்லையாங்கறத நடுவர் சொல்லட்டும். எனக்கு நேரம்தான்” என்பார்.

அவர் மேடை ஏறி நான் பார்த்ததில்லை. பணி ஓய்வு விழாவில்கூட, ஏற்புரை ஆற்றுமாறு அழைத்தபோது எழுந்து எல்லாத் திசைக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இங்கே வந்த பிறகு மேடை என்னைத் தேடி வந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் நகர மன்றத்தின் முன்னே காலநிலைக்காகக் கூடுகிறவர்கள் உண்டு. மிதிவண்டிகளில் வருவார்கள், தாங்களே எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு குளிரில் நிற்பார்கள். வெயில் நாட்டிலிருந்து வந்தவள் பேசினால் கூட்டம் நின்று கேட்கும் என்று அலுவலகத் தோழி ஒருத்தி சென்ற நவம்பரில் என்னை அழைத்துப் போனாள். அங்கேயும் நேரம் பார்க்க ஓர் ஆள் இருந்தார். மணிக்குப் பதிலாக மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் எங்கள் தீவைப் பற்றிப் பேசினேன். ஆறு வறண்ட ஓர் ஆண்டு அம்மா மண்டபத்துப் படித்துறையில் நீராட வந்தவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் விட்டதையும், வெள்ளம் வந்த இன்னோர் ஆண்டு அதே படித்துறையில் இறங்கவிடாமல் காவலர்கள் கயிறு கட்டியதையும் சொன்னேன். பிறகு, நான் எழுதியவற்றுள் நான் மிகவும் மதிக்கும் வரிகளுக்கு வந்தேன்:

“நாம் குளிர வைக்கும் ஒவ்வோர் அறையும் தன் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது. அந்தத் தெருவில் நிற்பவர் யாரென்று கேட்டதுண்டா?”

கூட்டம் அசையாமல் நின்றது. இறங்கியபோது வயதான பெண்மணி ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தபடி, இரண்டு வரிகளுக்கும் இடையே நான் விட்ட நிறுத்தம் சற்று நீண்டுவிட்டதோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேறெதுவும் எனக்குள் நிகழவில்லை. பேசியதில் பொய் இல்லை. ஒரு சொல்லையும் இன்றுவரை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் பேசி முடித்த கையோடு அது என்னை விட்டு விலகி, எங்கோ தள்ளிப்போய் நின்றுகொள்கிறது. எல்லா உரைகளும் இப்போது அப்படித்தான்.

அப்பாவிடம் சொன்னபோது, “அதைத் தமிழ்ல ஒரு தடவ பேசி அனுப்பேன்” என்றார். சமையலறை மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்துப் பேசி அனுப்பினேன். ஸ்ரீரங்கத்தில் அந்தக் காணொளியைப் பார்க்காத வீடு எங்கள் வீதியில் இல்லை என்று பின்னர் அம்மா சொன்னாள். பால் வாங்கப் போகும்போதும் அப்பா கைபேசியை எடுத்துக்கொண்டுதான் போனாராம்.

3

ஏசி திரும்பிய அன்று மாலை அழைத்தேன்.

“அப்பா, டெலிவரிக்கு வந்தவங்கள ஏன் திருப்பி அனுப்பினீங்க?”

“வெறுமன அனுப்பல. பாவம், வெயில்ல தூக்கிட்டு வந்தாங்க. மோர் குடுத்துதான் அனுப்பினேன்.”

“நான் மோரப் பத்திக் கேக்கல.”

“நீ கேக்கறதுக்கு நீயே பதில் சொல்லியிருக்கியே கயலு. வீடியோ இருக்கு. போடட்டா?”

“வேணாம்ப்பா.”

“நாம் குளிர வைக்கும் ஒவ்வோர் அறையும் தன் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது, அந்தத் தெருவில் நிற்பவர்…”

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “அங்க ஒரு நிமிஷம் நிறுத்துவா அவ. நீங்க நிறுத்தல.”

“நீ சும்மா இரு சகு.”

நான் வாதத்தைத் தொடங்கினேன். முதலாவதாக, நோயாளிக்கு மருந்து ஆடம்பரம் ஆகாது; மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ஏசியும் மருந்தே. இரண்டாவதாக, நான் சுட்டியது தேவைக்கு மிஞ்சிய நுகர்வை, தேவையை அன்று. மூன்றாவதாக, மொட்டை மாடியில் சூரிய மின்தகடு பதித்துவிட்டால் அந்தக் குற்றச்சாட்டே எழாது. சொல்லச் சொல்ல என் குரல் மேடைக்குரலாக மாறுவதை நானே கேட்டேன். சொற்கள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. நடுவர் எவர் இருந்திருந்தாலும் வெற்றியை எனக்கே அளித்திருப்பார்.

அப்பா முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு டம்ளரில் கரண்டி இரண்டு முறை தட்டும் ஒலி கேட்டது.

“மணி அடிச்சாச்சு” என்றார். “சாப்ட்டியா?”

4

என் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். இந்த நகரத்தின் பெரிய கட்டடங்களில், எந்த அறை எந்நேரம் எவ்வளவு சூடாகவோ குளிராகவோ இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மென்பொருளை எழுதுவோரில் நானும் ஒருத்தி. காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் ஏழாவது மாடியில் ஜன்னலோரம் அமர்கிறவருக்குப் பிற்பகலில் புழுங்காது, நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் முகத்தை நான் கண்டதில்லை.

அந்த மாதத்தில்தான் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் போக வேண்டியிருந்தது. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும் முறை. எண் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்த பின், கதவுக்கு மேலே என் எண் எரிந்தது. உள்ளே இருந்தவர் என் கோப்பைப் புரட்டிவிட்டு, “இந்த நாட்டிலேயே நிலையாகத் தங்க எண்ணமா?” என்று கேட்டார். அவர்கள் மொழியை நான் இலக்கணத்தோடு கற்றவள். முகவுரை, பொருள், முடிவுரை என்று மூன்று பகுதியாக அவருக்குப் பதில் சொல்லத் தொடங்கினேன். முகவுரையிலேயே அவர் கையை உயர்த்தினார்.

“ஆம், அல்லது இல்லை.”

“ஆம்” என்றேன்.

ஒரே சொல்லில் நான் ஆற்றிய முதல் உரை அதுதான். முத்திரை விழுந்தது. வெளியே வந்து, மகிழ்ச்சி வருகிறதா என்று சற்று நேரம் நின்று பார்த்தேன். வெயில் வந்தது. கைபேசியை எடுத்து ஸ்ரீரங்கத்துக் கூடத்தைப் பார்த்தேன்.

இருபத்தொன்பது.

5

கத்திரி உச்சத்தில் இருக்கும்போது திருச்சியில் பிற்பகலில் இருபத்தொன்பது. மழை பெய்திருக்குமோ என்று செய்திகளில் தேடினேன், இல்லை. மறுநாளும் இருபத்தொன்பது, இருபத்தெட்டு. எந்திரம் பொய் சொல்லாது என்று நம்பிப் பிழைக்கிறவள் நான். அப்பா மனம் மாறி வேறெங்கோ ஏசி வாங்கிவிட்டார், எனக்குச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று முடிவுகட்டினேன். நான்கு நாள் நிம்மதியாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நிம்மதியும் இப்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணாகத்தான் வருகிறது.

ஐந்தாம் நாள் காணொளி அழைப்பில் அம்மாவின் நெற்றியில் வியர்வை ஓடுவதைப் பார்த்தேன்.

“அம்மா, சுவத்துல நான் மாட்டின பெட்டி எங்க?”

அம்மா கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். அடுப்படி மூலையில் மண்பானை இருந்தது. பானையின் மேல் ஈரத்துணி. ஈரத்துணியின் மேல், துணியைப் போலவே ஈரமாக, என் வெப்பமானி உட்கார்ந்திருந்தது.

“அப்பா!”

“அதுக்கும் புழுங்குமில்ல?” என்றார் அப்பா, திரைக்கு வெளியிலிருந்து.

சிரித்தேன். சிரிப்பு நின்றதும் அவர் முகத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினார். கன்னம் உள்ளே போயிருந்தது. பேசும்போது இரண்டு இடங்களில் மூச்சுக்காக நின்றார். அவை நான் மேடையில் விடும் நிறுத்தங்களைப் போன்றவை அல்ல.

அம்மா அந்த வாரமே பாலக்கரையிலிருந்து ரஹீம் பாயை வரவழைத்தாள். துபாயில் பல ஆண்டு ஏசி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். எங்கள் வீதியில் பாதி வீடுகளுக்கு அவர்தான் மாட்டியிருக்கிறார். எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பார்க்க வந்தவரை அப்பா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். அம்மா அழைப்பைத் துண்டிக்காமல் கைபேசியை ஜன்னல் கட்டையில் வைத்திருந்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“சார், துபாய்ல ஒட்டகம் கட்டற கொட்டாய்க்கே நான் ஏசி மாட்டியிருக்கேன். உங்களுக்கு மாட்டக் கூடாதா?”

“ஒட்டகம் கூட்டத்துல எழுந்து பேசலையே பாய்.”

“என்ன சார் சொல்றீங்க? சரி, செவுத்துல ஓட்டை மட்டும் போட்டுட்டுப் போறேன். மனசு மாறினா ஒரு போன் அடிங்க.”

“ஓட்டையும் வேணாம். டீ குடிங்க.”

“டீ குடிக்கிறேன். ஆனா கத்திரி முடியறதுக்குள்ள நீங்க கூப்பிடுவீங்க, இன்ஷா அல்லா.”

ஒட்டகத்தைப் பற்றி அப்பா சொன்னதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. என் உரைக்கு இழுக்கு வரக்கூடாது என்று பார்க்கிறார். ஊரார் நாளை ‘மகள் அங்கே பேசுகிறாள், அப்பன் இங்கே ஏசி போடுகிறான்’ என்று சொல்லிவிடக் கூடாது என்று அஞ்சுகிறார். அவ்வளவுதான் என்று எண்ணினேன். அந்த எண்ணத்தில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது. என் சொல்லுக்காக ஒருவர் வெந்துகொண்டிருக்கிறார்.

அதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். “என் மானத்துக்காக அவர் உசுரக் குடுக்க வேணாம்மா. நான் சமாளிச்சுப்பேன்.”

அம்மா என்னைச் சிறிது நேரம் பார்த்தாள். வங்கியில் முப்பது ஆண்டு கவுண்டரில் உட்கார்ந்தவள். வரிசையில் நிற்கிறவர் தவறான ஜன்னலுக்கு வந்துவிட்டால் இப்படித்தான் பார்த்திருப்பாள்.

“உன் மானமா? உன் மானம் எங்கடி இதுல வந்துச்சு?”

6

அம்மா சொன்னது இது. ஜனவரியில் குடியரசு தினத்தன்று, எங்கள் வீதியின் குடியிருப்போர் சங்கம் கொடியேற்றியபின் கூட்டம் நடத்தியது. செயலாளர் வரதன் மாமா என் காணொளியைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். முடிந்ததும் எல்லோரும் கைதட்ட, “பெத்தவர் ரெண்டு வார்த்தை பேசணும்” என்று அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்.

“வழக்கம்போல கும்பிட்டுட்டு உக்காந்துருவார்னு நெனச்சேன்” என்றாள் அம்மா. “ஏறிட்டார். மைக்கப் புடிச்சிட்டு, ‘எங்க வீட்டில் ஏசி கிடையாது. இனிமேலும் கிடையாது’ன்னார். அவ்ளோதான் பேச்சு. அப்படி ஒரு கைதட்டல். ‘ரொம்ப நன்னா பேசினேள் கோவிந்தராஜ்’னு வரதன் மாமா வந்து கையக் குலுக்கறார். வீட்டுக்கு வந்து, ‘எப்படி பேசினேன் சகு, எப்படி பேசினேன் சகு’ன்னு அன்னிக்குப் பூரா கேட்டுட்டே இருந்தார்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“வெக்கம். நீ மார்க் போடுவியாம்.”

அம்மா தொடர்ந்தாள்.

“நீ நூறு மேடைல பேசியிருக்க. நாளைக்கே மாத்திப் பேசினாலும் அதுக்கும் கை தட்டுவாங்க. அவர் பேசினது ஒண்ணே ஒண்ணு. அதை எப்படி விடுவார்?”

அழைப்பு முடிந்த பிறகும் கைபேசியைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். என்னை மையமாக வைத்து நடப்பதாக நான் கருதிய விவாதத்தில், நான் எந்த அணியிலும் இல்லை. அது வலித்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். வலிக்கவில்லை. ஊசி போட்ட இடத்தைத் தொடுவதுபோல, தொட்டது தெரிந்தது, அவ்வளவே.

என்றாலும் ஒன்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டு மேடைகளில் வளர்ந்தவள் எவளுக்கும் அது தெரியும். மறுநாள் அழைத்தேன்.

“ஜனவரில பேசினீங்களாமே.”

“சகு சொல்லிட்டாளா?”

“சொன்னாங்க. நல்லா பேசினீங்களாம்.”

“ஏதோ ரெண்டு வரி.”

“அப்பா, மேடையில சொன்னத வீட்டுக்குள்ள உக்காந்துட்டு மாத்த முடியாதுன்னு நெனக்கிறீங்க. சரிதான். நானா இருந்தாலும் மாத்த மாட்டேன். ஆனா மேடை ஏறி மாத்தலாம்ப்பா. அதுக்குப் பேரு பதிலுரை. அத யாரும் தோல்வின்னு சொல்ல மாட்டாங்க.”

மறுமுனையில் மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும் வந்தது. அவர் போய்விட்டாரோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை.

“எத்தன நிமிஷம் குடுப்பாங்க?” என்றார்.

7

அன்றிரவே ஓர் உரை எழுதி அனுப்பினேன். சொந்த அப்பாவுக்கு எழுதுவது என்பதால் கூடுதல் கவனத்தோடு எழுதினேன். எதுகையும் மோனையும் தாமாக வந்து அமர்ந்தன. மூன்று நாள் கழித்து அவரிடமிருந்து குரல்செய்தி வந்தது.

“படிச்சுப் பாத்தேன் கயலு. அருமையா இருக்கு. ஆனா ‘பாரெங்கும் பற்றியெரியும் பகலவனின்’னு ஆரம்பிக்குது. எனக்கு வாய்ல நுழையல. நானே பேசிக்கிறேன். நீ டைம் மட்டும் பாரு.”

சங்கத்தின் மாதக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலையில், வீதிக்கோடியிலுள்ள சின்னக் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கும். இங்கே அப்போது பிற்பகல். ஜூன் மாதம் ரைன் கரையையும் வெயில் பிடித்திருந்தது. இங்குள்ள வீடுகளில் ஏசி கிடையாது. குளிருக்காகவே கட்டிய வீடுகள், சூட்டை உள்ளே வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கின்றன. ஜன்னல் திரைகளை இறக்கிவிட்டு, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சமையலறை மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்தேன். பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர், ஒரு கரண்டி. ஊரிலிருந்து எடுத்து வந்த டம்ளர்தான்.

கூட்டத்தில் முதலில் சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசினார்கள். பிறகு தெருநாய்களைப் பற்றி. அதன் பிறகு வரதன் மாமா, “கோவிந்தராஜ் ஏதோ சொல்லணுமாம். சுருக்கமா மூணு நிமிஷத்துல முடிச்சுக்கோங்கோ” என்றார்.

“நேரம் பாக்க எம்பொண்ணு இருக்கா” என்று அப்பா என்னை, அதாவது கைபேசியை, மைக் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்தார். எனக்கு அவருடைய தாடையும், சட்டைப் பையும், மேலே சுற்றும் ஒரு மின்விசிறியும் தெரிந்தன.

அவை வணக்கம் தொடங்கியது. என் ஒத்திகைகளில் எத்தனையோ முறை கேட்டுக் கேட்டு அவர் மனத்தில் பதிந்திருந்தது போலும். தலைவருக்கு வணக்கம், செயலாளருக்கு வணக்கம், பொருளாளருக்கு, துணைப் பொருளாளருக்கு, ஒலிபெருக்கி அமைத்துக்கொடுத்தவருக்கு, மண்டபத்துக் காவலாளிக்கு. யாரோ சிரித்தார்கள். தனக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் பாதிக்கு மேல் அவர் வணக்கத்திலேயே செலவழித்தார். நான் கரண்டியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

“ஜனவரில இதே சங்கத்துல நான் ஒண்ணு சொன்னேன். எங்க வீட்டில் ஏசி கிடையாது, இனிமேலும் கிடையாதுன்னு. நீங்க கை தட்டினீங்க.” நின்றார். மூச்சு வாங்கினார். “இப்ப டாக்டர் வேற மாதிரி சொல்றார். நான் ஒண்ணு வாங்கப் போறேன். அன்னிக்குச் சொன்னது பொய்யில்ல. இதையும் இங்கயே வந்து சொல்லிட்டுச் செய்யணும்னு தோணுச்சு.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “சார், எங்க வீட்ல நாலு ஓடுது. நீங்க ஒண்ணுக்கு வந்து மன்னிப்பு கேக்கறீங்களே!”

கூடமே சிரித்தது. அப்பாவின் தாடை அசைவற்று நின்றது. மேடையில் இடைக்குரல் வந்தால் எப்படித் திருப்பி அடிப்பது என்று எனக்குத் தெரியும். ஆறேழு பதில்கள் அந்த நொடியிலேயே என் நாவில் இருந்தன. அவருக்கு ஒன்றும் தெரியாது. இறங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

“மன்னிப்பு இல்லைங்க” என்றார் அப்பா, மெதுவாக. “எம்பொண்ணு பேசறப்பல்லாம் நான் கீழ உக்காந்து டைம் பாப்பேன். என்ன பேசறான்னு கேக்க மாட்டேன். கேட்டா டைம் விட்டுப்போயிடும். அவ ஏசியப் பத்திப் பேசினதையும் அப்படித்தான் பாத்தேன். எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன், கைதட்டினேன். நெசமாவே அது நடக்குதுன்னு நெனக்கல. அன்னிக்குக் கூடத்துல விழுந்தேன் பாருங்க. வீட்டுக்குள்ள. நிழல்ல. கன்னத்துல தரை சுட்டுச்சு. மொசைக் தரைங்க, எந்நாளும் ஜில்லுனு இருக்கற தரை. அப்பதான், அட, அவ சொன்னது இதத்தானான்னு…”

முதல் மணிக்கான நேரம் எப்போதோ கடந்திருந்தது. இரண்டாம் மணிக்கான நேரமும் கடந்துவிட்டது. வரதன் மாமா கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்ப்பது திரையின் ஓரத்தில் தெரிந்தது. சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. என் கையிலிருந்த கரண்டி டம்ளரின் விளிம்புக்கு மேலே நின்றது. வியர்வையில் அது நழுவப் பார்த்தது.

அப்பா வாக்கியத்தை முடிக்கவில்லை. அடுத்த சொல் அவருக்குக் கிடைக்கவில்லை. குனிந்தார். முதல் முறையாக அவர் முகம் முழுவதும் திரையில் வந்தது. நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது.

“டைம் ஆயிடுச்சா கயலு?”

மைக்கில் அது ஊருக்கே கேட்டது. கூடம் என் பதிலுக்காகக் காத்திருந்தது.

“இல்லப்பா” என்றேன். “இன்னும் இருக்கு. பேசுங்க.”

அவர் நிமிர்ந்து மைக்கைப் பிடித்தார். நான் கரண்டியை மேசைமீது, ஓசை எழாமல், படுக்க வைத்தேன்.